ஆடிக் கடைசியில் இருபது நிமிடம்

ஊருக்கெல்லாம் ஆடி ஆகாத மாதம். கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, பெண் பார்க்கக்கூட யாரும் கிளம்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரர் எலியேசருக்கு மட்டும் வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் நல்ல மாதம். தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். காலி மண்டபம் கிடைத்தால் அவர் விமானம் விடுவார்.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பஞ்சு போல லேசான பால்சா மரத்தில் சீவிய குச்சிகள், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு மெல்லிய தாள், அடிவயிற்றில் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். இறக்கை என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வரும். மொத்த எடை இரண்டு காய்ச்சல் மாத்திரைக்குச் சமம். கதை விடவில்லை, நான் வேலை பார்க்கும் லேப் தராசில் வைத்து நானே பார்த்தேன். ரப்பரை ஆயிரத்து ஐந்நூறு சுற்று முறுக்கிவிட்டால் அது அவிழ அவிழ மூக்கிலுள்ள புரொப்பெல்லர் சுழலும். எவ்வளவு மெதுவாக என்றால், உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றாக எண்ணலாம். விமானம் மண்டபத்துக்குள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் யாராவது தும்மினால் வழி மாறிவிடும்.

இதற்கென்று உலகம் முழுக்கப் பைத்தியங்கள் இருக்கிறார்கள். அவரவர் ஊர் மண்டபத்தில் விட்டு, எத்தனை நிமிடம் பறந்தது என்று எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அதற்கு ஒரு போட்டி, போட்டிக்கு விதிகள். யார் கட்டினாரோ அவர்தான் தன் கையால் விட வேண்டும். இரண்டு பேர் நேரம் பார்க்க வேண்டும். எலியேசரின் அதிகபட்சம் பதினேழு நிமிடம் ஐம்பது விநாடி. அவருக்கு இருபது வேண்டும். மற்ற வீடுகளில் அமெரிக்க விசா என்று சொல்கிற குரலில் எங்கள் வீட்டில் இருபது நிமிடம் என்று சொல்லப்படும்.

அவருக்குப் பகலில் ரயில்வே ஷெட்டில் எலெக்ட்ரீஷியன் வேலை. பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு இரண்டாவது அறை அவருடைய தொழிற்சாலை. அங்கே சித்திரை வெயிலிலும் ஃபேன் போடக்கூடாது, யாரும் எதையும் தொடக்கூடாது. கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் நான் ஒரு விமானத்தைக்கூடத் தொட்டதில்லை. திட்டியதற்குக் கணக்கில்லை. தலைக்கு மேல் விமானப்படை விமானம் ஒன்று வீட்டு ஜன்னலே அதிரும்படி போகும், இந்த மனிதர் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். கேட்டால், "அவ்வளவு பெட்ரோல் ஊத்துனா நம்ம பீரோகூடப் பறக்கும்" என்பார்.

அவருடைய பதினோராவது விமானத்தில் அவரே யோசித்த ஒரு சங்கதி இருந்தது. புதிதாக முறுக்கிய ரப்பருக்கு வேகம் அதிகம், விட்டவுடன் விமானம் விறுவிறுவென்று ஏறிக் கூரையில் முட்டிக்கொள்ளும். எலியேசர் இறக்கையை அந்த வேகத்துக்குத் தானாக வளைந்து கொடுக்கும்படி செய்திருந்தார். வேகம் குறையக் குறைய அது மறுபடி நிமிர்ந்துகொள்ளும். சொல்ல ஒரு வரி, செய்ய மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடத்துக்குள்தான் அவருடைய கை நடுங்க ஆரம்பித்தது.

அவருக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருபத்தாறு வருடமாக ரத்தம் எடுக்கிறவள் நான், எனக்குக் கை முதலில் தெரியும், முகம் அப்புறம்தான். காப்பி டம்ளர் விளிம்பு பல்லில் பட்டுச் சத்தம் கேட்டது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நுணுக்கமான வேலை செய்தால் நடுக்கம் கூடும், பதற்றப்பட்டால் இரண்டு மடங்காகும், முழுசாகப் போகாது என்றார். மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் ஷெட்டில் தூக்கம் வருகிறது என்று எலியேசர் பத்தே நாளில் நிறுத்திவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அவர் உயிர் எங்கே இருக்கிறது என்று அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே போனால் இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டில். இருபது வருடச் சிநேகிதர் கரீம் பாயிடம்கூட மூச்சு விடவில்லை. இந்த விமானம் கட்ட எட்டு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பிளேடை மேசையில் வைத்துவிட்டு, ஒரு கையை மறு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுக்கம் அடங்கக் காத்துக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்து, பால் பாக்கெட் போட வந்தவனை அநியாயத்துக்குத் திட்டினேன்.

"இதுதான் கடைசி, டில்டா" என்றார் ஒரு நாள். மெட்டில்டா என்கிற என் பெயரை அவர் மட்டும் அப்படிச் சுருக்குவார். "இதுக்கு மேல என் கையால ஆகாது. இருபது வந்துட்டா போதும்."

ஆடி முழுக்க ஏதாவது ஒரு தடங்கல். ஒரு நாள் மண்டபத்தில் வெள்ளையடிப்பு, ஒரு நாள் மின்சாரக் கோளாறு என்று ஷெட்டில் கூப்பிட்டுவிட்டார்கள். கடைசியில் ஆடியின் கடைசி நாள் வந்துவிட்டது. மறுநாள் ஆவணி ஒன்று, காலையிலேயே யாருக்கோ நிச்சயதார்த்தம். மேடை அலங்காரம் செய்கிறவர்கள் நாலு மணிக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் நடந்தால் உண்டு.

மண்டபம் பெருங்களத்தூரில், எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். அங்கே வயரிங் வேலையெல்லாம் எலியேசர் பார்த்துக்கொடுப்பதால் முதலாளி மறுப்பதில்லை. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பேபி எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவடியில் ஆடிக்காற்று புகாமல் கோணி திணித்து வைத்திருந்தாள். இரண்டாவது நேரம் பார்க்கிற ஆளும் அவள்தான். செல்போனில் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இன்னா சார், கொசுவலைக்கு றெக்க மொளச்ச மாரி கீது! இதுவா இருவது நிமிஷம் பறக்கும்?"

"பக்கத்துல வந்து பேசாத பேபி, மூச்சு பட்டா ஒடஞ்சிரும்" என்றார் கரீம் பாய். தாம்பரத்தில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஸ்டாப்வாட்ச்சோடு வந்துவிடுவார். "குடு மச்சான், நான் முறுக்குறேன். எனக்குத் தோள்வலிக்கு நல்லது." அவரே ரப்பரை இழுத்து, பல்சக்கரத்தைச் சுற்றி ஆயிரத்து ஐந்நூறும் முறுக்கி மாட்டினார்.

எலியேசர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முழங்கையை விலாவில் அழுத்திக்கொண்டார். இறக்கை நுனி நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நடுக்கம் சற்றே ஓய்கிற ஒரு நொடிக்காகக் காத்திருந்து, கையை விரித்தார். விமானம் போய்விட்டது.

எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. அவர் சொன்னபடியே இறக்கை வளைந்துகொண்டது. அவசரமே இல்லாமல் வட்டம் வட்டமாக ஏறி, கூரைக்கு ஒரு முழம் கீழே நின்று சுற்றியது. ஐந்து நிமிடம் ஆயிற்று. எட்டு நிமிடம் ஆயிற்று. இறக்கை மெல்ல நிமிர்வதைப் பார்த்து எலியேசர் வாயைத் திறந்தபடி நின்றார். பதினொன்று என்று கரீம் பாய் விரலால் காட்டினார். விமானம் இன்னும் மாடிக் கைப்பிடிக்கு மேலேதான் இருந்தது, ரப்பரில் பாதி முறுக்கு மிச்சம் இருந்தது. இருபது வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு கரீம் பாயின் மனைவி நூர் பீவி வந்தாள். கையில் பெரிய கேரியர். பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை, முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டே மூச்சு வாங்கினாள். கதவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். "வாங்க நூரு, உட்காருங்க" என்று கிசுகிசுத்தேன். கை சுவரிலிருந்த சுவிட்சுக்குப் போயிற்று.

யோசித்துப் போடவில்லை. நம் பக்கத்தில் யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் ஃபேன், அப்புறம் தண்ணீர், அதற்கப்புறம்தான் என்ன ஏது என்ற விசாரிப்பு. ஐம்பத்து மூன்று வருடப் பழக்கம் என் தலையைக் கேட்கவில்லை. என் தலைக்கு மேலிருந்த சுவர் ஃபேன் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது.

உடனே அணைத்தேன். காற்று அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. விமானம் மூக்கைத் தூக்கியது, பக்கவாட்டில் சறுக்கியது, மேடைத் தூணில் மோதியது. இடது இறக்கை மடங்கிற்று. விழுந்ததுகூட மெதுவாகத்தான் விழுந்தது. பன்னிரண்டு நிமிடம் எட்டு விநாடி.

"யா அல்லா! என்னாலயா?" என்றாள் நூர் பீவி.

"இல்ல நூரு. நான்தான். நான்தான் போட்டேன்."

எலியேசர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அதில் எனக்கு இருபத்தேழு வருட அனுபவம் உண்டு. அவர் மெதுவாக நடந்துபோய்க் குனிந்து அதை எடுக்கப் பார்த்தார். கை அப்படி நடுங்கிற்று. எடுக்க எடுக்க ஒடிந்த குச்சிகள் ஒன்றோடொன்று தட்டின. மூன்று தடவை முயன்றுவிட்டு, அப்படியே கீழே வைத்துவிட்டு, கைகளைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

"போலாம்" என்றார்.

எட்டு மாதம் அந்தக் கையோடு போராடிக் கட்டியதை நான் ஒரு சுவிட்சில் முடித்துவிட்டேன். அழுகைதான் வந்திருக்க வேண்டும். எனக்கு எது வந்தாலும் கோபமாகத்தான் வரும், அதுவும் அவர் மேல்தான் வரும்.

"எங்க போறது? மணி பன்னெண்டுதான் ஆவுது. பசை எங்க?"

"யார் ஒட்டுறது?"

"நான்."

"நீயா?"

"ஏன்? பொறந்து மூணு நாள் ஆன குழந்தைக்கு நரம்பு பாத்துக் குத்துற கை இது. உங்க குச்சி அதைவிடச் சின்னதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, கரீம் பாயைப் பார்த்தார். ஏன் அவள் ஒட்ட வேண்டும், நீ ஏன் ஒட்டவில்லை என்று கரீம் பாய் கேட்டால் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில்தான் அவர் ஒரு வருடமாக நின்றுகொண்டிருந்தார். பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்து முன்னால் நீட்டினார். இரண்டும் நடுங்கின.

"பாத்துக்க கரீம். இதான் விஷயம்."

"போன ஆடிலயே தெரியும் மச்சான்" என்றார் கரீம் பாய். "இல்லாங்காட்டி எனக்கு இன்னா, ரப்பர் முறுக்க அவ்ளோ ஆசையா? தோள்வலி வந்ததே முறுக்கி முறுக்கித்தான்." சொன்ன கையோடு, "நூரு, சோறு எடு. ஆறிடப் போவுது" என்று அந்தப் பக்கம் போய்விட்டார்.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். கைப்பையில் எப்போதும் புது இன்சுலின் ஊசி ஒன்றிரண்டு இருக்கும். அதில் பசையை உறிஞ்சிக்கொண்டேன். எலியேசர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"அங்க இல்ல. ஒரு மில்லி கீழ. ஆங். போதும் போதும், பசையும் எடைதான்."

"தெரியும்."

"மூச்ச அந்தப் பக்கம் விடு."

"மூச்சே விடல. கண்டுக்கவும் இல்ல நீங்க."

ஒடிந்த குச்சி நாலு. மூன்றை ஒட்டினேன், ஒன்றுக்குப் புதிதாகச் சீவினேன். அவர் சொன்ன அகலத்துக்கு வர ஐந்து குச்சி வீணாயிற்று. கிழிந்த தாளுக்கு ஒரு துண்டு வெட்டி, ஈரத் தூரிகையில் எடுத்து ஒட்டினேன். அவர் என் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. நிச்சயதார்த்தத்தில் மோதிரம் போட்டபோதுகூட இந்த விரலை இப்படிப் பார்த்ததில்லை. அதைச் சொல்லிக் காட்ட வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டே முக்கால் மணி நேரம் சண்டை இல்லாமல் நாங்கள் பேசியது அன்றைக்குத்தான்.

முடிக்கும்போது மணி மூன்று. முன்னைவிடக் கனம் கூடிவிட்டது. "பறக்கும்" என்றார். "பதினாறு வந்தா பெரிசு."

கரீம் பாய் முறுக்கி மாட்டித் தந்தார். எலியேசர் வாங்கிக்கொண்டு நடுவில் போய் நின்றார். முழங்கையை அழுத்தினார், மூச்சைப் பிடித்தார். இந்தத் தடவை கை அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று அவர் இறுக்க இறுக்க அது கூடிற்று. ஈரம் காயாத ஒட்டில் டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. அவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"நீ விடு."

"கட்டினவர்தான் விடணும். நான் விட்டா கணக்குல வராது."

"வராட்டி போவுது."

"இருபது நிமிஷம் வேணும்னு எட்டு மாசம்..."

"டில்டா, அது பறக்கணும். எனக்கு அவ்வளவுதான்."

வாங்கினேன். கையில் எதுவுமே இல்லாதது போலிருந்தது. "தள்ளாத" என்றார் காதருகில். "ரத்தம் எடுத்து முடிச்சு ஊசிய வெளிய எடுப்பியே, அந்த மாதிரி. கைய மட்டும் எடு." நான் கையை மட்டும் எடுத்தேன்.

பறக்கும்போது யாரும் நகரக்கூடாது, பேசக்கூடாது. ஜமக்காளத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். நூர் பீவி சுவிட்ச் பக்கமே திரும்பாமல் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். விமானம் முன்னைப் போல உயரவில்லை, மாடிக் கைப்பிடி உயரத்திலேயே சுற்றியது. எனக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஃபேன் போட்டதிலிருந்து கேட்கவில்லை, இப்போது கேட்கவும் முடியாது. கண்ணில் நீர் கொட்டிற்று. துடைத்தால் காற்று அசையும் என்று அப்படியே விட்டுவிட்டேன். அவர் கை பக்கத்தில் தரையில் இருந்தது, நகம் தரையில் தட்டித் தட்டிச் சத்தம் வந்தது. அதன் மேல் என் கையை வைத்தேன். நடுக்கம் நிற்கவில்லை, சத்தம் மட்டும் நின்றது.

பதினாறு தாண்டியது. பதினெட்டில் விமானம் மேடை விளக்குக்குக் கீழே இறங்கிவிட்டது. நாலு மணிக்கு வர வேண்டிய லாரி முன்னதாகவே வாசலில் வந்து நின்றது. அலங்காரக்காரர்கள் கதவைத் தட்டினார்கள், அப்புறம் உதைத்தார்கள். பேபி அசையவில்லை. பத்தொன்பதில் புரொப்பெல்லர் ஓய்ந்துபோய்ச் சுற்றியது, விமானம் எங்கள் தலை உயரத்தில் போயிற்று. கரீம் பாய் பத்து விரலையும் விரித்து, மூடி, மறுபடி விரித்துக் காட்டினார். அதற்குப் பிறகும் ஒரு வட்டம், இன்னும் அரை வட்டம். ஜமக்காள ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

பேபியின் போனில் இருபது நிமிடம் முப்பத்திரண்டு விநாடி. கரீம் பாயிடம் முப்பத்தொன்று. "கொறஞ்சதுதான் கணக்கு" என்று சொல்லிக்கொண்டே கரீம் பாய் எலியேசரைக் கட்டிக்கொண்டார். எலியேசருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "இடது றெக்கை கனம் கூடினதால வட்டம் சின்னதாயிடுச்சு" என்றார். "சுவத்துப் பக்கத்துல கீழ எறங்குற சில்லுக் காத்துல மாட்டல. பாத்தியா டில்டா? எனக்கு இது தோணவே இல்ல பாரேன்."

கரீம் பாய் போட்டித் தாளையும் பேனாவையும் எடுத்தார். "மச்சான், விட்டவர் பேருன்னு ஒண்ணு கீது. எலியேசர்னு போட்டுடறேன். யார் பாத்தாங்க?"

"போடுங்க பாய்" என்றேன் நான். மனசாரத்தான் சொன்னேன். எனக்கு அதில் வெட்கமே இல்லை.

"குடு" என்றார் எலியேசர். பேனாவை வாங்கிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். வெளிநாட்டுக்குப் போகிற தாள் என்பதால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் முதலில் ஒரு எம் போட்டார். அது இரண்டு கட்டத்துக்குப் படர்ந்தது. தாள் நகராமல் பிடிக்கக் கரீம் பாய் குனிந்தார். "இரு" என்றார் எலியேசர். எல்லோரும் பார்க்க, அந்தக் கையாலேயே அடுத்த எழுத்துக்குப் போனார். வாசலில் உதை பலமாயிற்று.

"அவங்க சேத்துக்க மாட்டாங்க" என்றேன்.

"சேக்காட்டி போறாங்க. யாரு விட்டாங்களோ அவங்க பேருதான்."

ரேஷன் கார்டு, பாஸ்புக், சம்பளச் சீட்டு என்று என் பெயரை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு கோணலாக யாரும் எழுதியதில்லை. பேபி கதவைத் திறக்க ஓடினாள். நான் அவர் பக்கத்திலேயே நின்று, கடைசி எழுத்து வரைக்கும் பார்த்தேன்.